மூதூரில் முடியாத கங்கை

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் இறங்கி நடந்தால் நெடுந்தூரம் நடந்துகொண்டே போகலாம். தண்ணீர் முழங்காலளவு, மிஞ்சினால் இடுப்பளவு. மன்னாரிலும் பல இடங்களில் அப்படித்தான். பாக்குக் குடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீற்றரைத் தாண்டுவதில்லை.

இதே தீவின் கிழக்குக் கரைக்கு வாருங்கள். வாடை ஓய்ந்து கடல் படிந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் திருகோணமலைக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பிலிருந்து பார்த்தால், நீலத்திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்ப்புகை சில நாள்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும். உலகிலுள்ள விலங்குகளில் மிகப் பெரியது அது. 25 மீற்றர் நீளத்துக்கு வளரும். வள்ளத்தில் இன்னும் கொஞ்சம் வெளியே போனால் எண்ணெய்த் திமிங்கிலங்களும் தென்படும். வயிற்றில் அம்பர் விளையும் இனம் அது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் மூழ்கிக் கணவாய் பிடித்துத் தின்பது அதன் வழக்கம். அத்தனை ஆழம் வேண்டிய உயிருக்குக் கரையருகே என்ன வேலை?

ஒரே தீவுதான். வடக்கே கடலுக்குள் நடந்து போகலாம். திருகோணமலையில் கரையை விட்டதும் காலடியில் தரை இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

அங்கே கடலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள், மகாவலி ஆறு கடலில் விழும் இடத்துக்கு எதிரிலேயே அது தொடங்கிவிடுகிறது. குடாவை விட்டு வெளியேறும் முன்னரே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றராகிவிடும். அங்கிருந்து வளைந்து நெளிந்து கிழக்கே இறங்கி, 3,000 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் வங்காள விரிகுடாவின் தட்டைத் தரையில் போய்ச் சேருகிறது. சில இடங்களில் அதன் சுவர்கள் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பேதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அந்த மலையைத் தூக்கிப் பள்ளத்தாக்கின் கடைவாயில் வைத்தால் உச்சி தண்ணீருக்கு மேலே வராது. கடலாய்வாளர்கள் இத்தகைய அமைப்பைக் கடலடிப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளைப் பட்டியலிடும்போது திருகோணமலையின் பெயரும் அதில் வரும்.

தண்ணீருக்கு அடியில் பள்ளத்தாக்கு வெட்டுவது எது? நிலத்தில் ஆறு வெட்டும். கடலுக்குள் ஆறு ஏது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் முதலில் ஒரு பாலைவனத்துக்குப் போகச் சொல்வேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு குடைந்த மாபெரும் பள்ளத்தாக்கை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்போம். நீளம் 446 கிலோமீற்றர், ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். அதன் பக்கக் கிளையொன்றில் ஹவாசு என்ற ஓடை பாய்கிறது. செம்பாறைகளுக்கு நடுவே 16 கிலோமீற்றர் நடந்து இறங்கினால் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் தண்ணீர் விழும் அருவிகளைக் காணலாம். ஹவாசுபாய் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழும் இடம் அது. உலகெங்கிலுமிருந்து மக்கள் அந்த வழியை நடந்து பார்க்க வருகிறார்கள்.

அந்த வழியில் நடப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். வழியின் பெரும்பகுதி வறண்ட மணல். கீழே ஓடும் ஓடையோ அமைதியானது. சிறு பிள்ளைகள் குளிக்கிறார்கள். இந்த ஓடையா இத்தனை பெரிய பாறைச் சுவர்களை வெட்டியது? பதில் 2008 ஓகஸ்ட் மாதத்தில் கிடைத்தது. மேட்டு நிலத்தில் கொட்டிய கனமழை சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கு வழியே சீறி இறங்கியது. சுற்றுலாப் பயணிகளை ஹெலிகொப்டரில் மீட்க வேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், நவஹோ அருவி என்று பெயர் பெற்றிருந்த அருவி இல்லை. ஓடை பக்கவாட்டில் புதிய பாதையை வெட்டிக்கொண்டு போயிருந்தது. அந்தப் பாதையில் இரண்டு புதிய அருவிகள் பிறந்திருந்தன.

பாலைவனப் பள்ளத்தாக்கைச் செதுக்குவதில் அன்றாடம் ஓடும் நீருக்குப் பங்கு சொற்பம். எப்போதாவது வரும் வெள்ளமும், அது உருட்டிக்கொண்டு வரும் மணலும் கல்லுமே உளியும் சுத்தியலும். ஆண்டில் பெரும்பாலான நாள்களில் பாதை வெறிச்சோடிக் கிடக்கும். வேலை நடப்பது சில மணி நேரம்தான். திருகோணமலையின் அடியில் கிடப்பதும் இந்த வகைப் பள்ளத்தாக்குத்தான் என்பதே நான் சொல்ல வருவது. கடலடியிலும் ஓடை உண்டு, வெள்ளம் உண்டு, அருவிக்கு ஈடான செங்குத்துப் படிகளும் உண்டு. எல்லாம் தண்ணீருக்குள் நடக்கிறது.

திருகோணமலை மக்களிடம் இதற்கு முன்பே ஒரு விளக்கம் இருந்தது. சுவாமி மலையின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை பாறை பிளந்து நிற்கிறது. தாய்க்காகக் கோணேசப் பெருமானைப் பெயர்த்தெடுக்க வந்த இராவணன் வாளால் வெட்டிய வெட்டு என்பார்கள். இராவணன் வெட்டு என்றே பெயர். நகருக்கு மேற்கே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். இந்த மண்ணில் பாறை பிளந்திருக்கிறது, அந்தப் பிளவு ஆழமானது என்பதை எவரோ எப்போதோ கவனித்திருக்கிறார்கள். அவர்கள் கவனித்தது சரியே.

திருகோணமலையின் பாறைகள் மிகப் பழையவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. இலங்கை அப்போது இந்தியாவோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டியிருந்த பெருங்கண்டமொன்றின் நடுப்பகுதி. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்தக் கண்டம் உடைந்து, கிழக்குப் பக்கத்து நிலம் விலகிப் போனது. இன்றைய கிழக்குக் கரை அந்த முறிவின் விளிம்பு. அதனால்தான் கரையை ஒட்டிய ஆழமற்ற கடல் மேடை, புவியியலார் கண்டமேடை என்று சொல்வது, இங்கே மிகக் குறுகலாக இருக்கிறது. அதைத் தாண்டியதும் கண்டச்சாய்வு செங்குத்தாக விழுகிறது. யாழ்ப்பாணமும் மன்னாரும் இந்தியாவோடு பகிர்ந்துகொண்ட அகன்ற மேடையின் மேல் இருக்கின்றன.

முறிவு நடந்த இடத்தில் பாறையெங்கும் விரிசல்கள். கன்னியாவின் வெந்நீருக்குக் காரணமும் அவையே. அருகில் எரிமலை ஏதும் இல்லை. மழைநீர் விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை பூமியின் சூடு கூடும். சூடேறிய நீர் வேறொரு விரிசல் வழியாக மேலே வருகிறது. இலங்கையின் மற்ற வெந்நீரூற்றுகளும் கிழக்குத் தாழ்நிலத்தில் ஒரு வரிசையாகவே அமைந்திருப்பதைக் கவனித்தால் இது விளங்கும். ஆறும் இதே வழியைத்தான் தேடும். கடினமான பாறையில் பலவீனமான கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழும்.

ஆனால் விரிசல் வழிகாட்டும், வெட்டாது. வெட்டியது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

1930களில் இந்தக் கேள்வி கடலாய்வாளர்களை இரண்டாகப் பிரித்தது. அமெரிக்க நிலவியலாளர் பிரான்சிஸ் செப்பர்ட் ஆறுதான் வெட்டியது என்றார்: கடல் மட்டம் முன்பு தாழ்ந்திருந்தது, அப்போது இவை நிலத்துப் பள்ளத்தாக்குகள், பின்னர் கடல் ஏறி மூழ்கடித்துவிட்டது. இதில் பாதி உண்மை உண்டு. 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனியுகத்தின் உச்சத்தில் உலகின் தண்ணீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு நிலத்தின்மேல் பனியாக உறைந்து கிடந்தது. கடல் இன்றைய மட்டத்தைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை வறண்ட நிலமாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே வரலாம். மகாவலியும் கொட்டியாரக் குடாவின் தரையைத் தாண்டி இன்னும் வெளியே போய்க் கடலில் விழுந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால் 120 மீற்றர் போதாது. பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்குக் கீழேயும் தொடர்கிறது. அத்தனை ஆழத்தை ஆறு வெட்ட வேண்டுமானால் உலகக் கடல்கள் ஏறக்குறைய வற்றியிருக்க வேண்டும். அப்படி நடந்ததற்குத் தடயம் இல்லை.

1936இல் நிலவியலாளர் ரெஜினோல்ட் டேலி இன்னொரு வழியைக் காட்டினார். சேறு கலந்த தண்ணீர் தெளிந்த தண்ணீரைவிடக் கனமானது. கடலுக்குள்ளேயே அது சரிவில் ஆறாக ஓடலாம் என்றார். சுவிற்சர்லாந்தில் ரோன் ஆற்றின் கலங்கிய குளிர்நீர் ஜெனீவா ஏரிக்குள் நுழைந்ததும் அடியில் அமிழ்ந்து, ஏரியின் தரையில் வாய்க்கால் வெட்டியிருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபோரல் என்ற அறிஞர் பதிவுசெய்திருந்தார். டேலிக்கு அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் பிலிப் கியூனன் நீர்த்தொட்டியில் இதைச் செய்து காட்டினார்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கண்ணாடிப் பாத்திரமொன்றில் தெளிந்த தண்ணீரை நிரப்பிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அரிசி களைந்த தடித்த கழுநீரை மேல் ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கழுநீர் உடனே கலந்து போகாது. அடியைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் புடைத்த தலையோடு, சரிவில் வழிந்து இறங்கும். மேலே தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இப்படிப்பட்ட ஓட்டத்தைக் கலங்கலோட்டம் என்று சொல்லலாம். தண்ணீர் மணலைத் தூக்கிப் பிடிக்கிறது. மணலின் கனம் தண்ணீரைக் கீழே இழுக்கிறது. வேகம் கூடக் கூடத் தரையிலுள்ள மணலும் கிளம்பி ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. சரிவு போதுமானதாக இருந்தால் ஓட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போகும்.

தொட்டியில் நடப்பது கடலில் நடக்கும் என்பதற்கு என்ன சான்று? சான்று 1929இலேயே கிடைத்திருந்தது. அதை வாசிக்க 23 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அத்திலாந்திக் கடலைக் கடந்து போன தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. அதிர்வு மையத்துக்கு அருகில் கிடந்தவை அந்தக் கணமே அறுந்தன. தொலைவில், ஆழத்தில் கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, சரிவில் கிடந்த வரிசைப்படியே அறுந்துகொண்டு போயின. கடைசிக் கம்பி அறுந்தபோது 13 மணி நேரம் கடந்திருந்தது. நிலநடுக்கம் 13 மணி நேரம் நீடிக்காது. ஏதோ ஒன்று சரிவில் ஓடிப் போயிருக்கிறது. தந்தி நிலையங்கள் செய்தி நின்ற நேரத்தை நிமிடக் கணக்காகக் குறித்து வைத்திருந்தன. 1952இல் புரூஸ் ஹீசனும் மோறிஸ் யூவிங்கும் அந்த நேரங்களையும் கம்பிகளின் இடங்களையும் ஒப்பிட்டு ஓட்டத்தின் வேகத்தைக் கணித்தார்கள். செங்குத்தான பகுதியில் அது மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல் ஓடியிருக்கிறது. கடலுக்கு அடியில் வெள்ளம் வருகிறது என்பதற்கு அறுந்த கம்பிகளே சாட்சியாகின.

இந்தச் சான்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எவரும் அந்த வெள்ளத்தைப் பார்க்கவில்லை, எந்தக் கருவியும் அதற்காக வைக்கப்பட்டிருக்கவில்லை. வேறொரு வேலைக்காகக் குறிக்கப்பட்ட நேரங்கள் அதன் வழியையும் வேகத்தையும் சொல்லிவிட்டன.

பிறகு கருவிகளும் வந்தன. கலிபோர்னியாவின் மொன்டரே கடலடிப் பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை ஆய்வாளர்கள் கருவிகளை இறக்கிக் காத்திருந்தார்கள். 18 மாதங்களில் 15 கலங்கலோட்டங்கள் வந்தன. 800 கிலோ எடையுள்ள இரும்புச் சட்டமொன்றை அவற்றிலொன்று கிலோமீற்றர் கணக்கில் இழுத்துச் சென்றது. 2020 ஜனவரியில் ஆபிரிக்காவின் கொங்கோ ஆற்று முகத்திலிருந்து புறப்பட்ட ஓட்டம் 1,100 கிலோமீற்றருக்கும் மேல் கடலடியில் ஓடியது. ஓட ஓட வேகம் கூடியது. மேற்கு ஆபிரிக்க நாடுகளுக்கு இணையம் கொண்டு செல்லும் கம்பிகளை அறுத்தது. கொங்கோவை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அங்கேயும் பள்ளத்தாக்கின் தலை ஆற்று முகத்துக்குள்ளேயே புகுந்திருக்கிறது. திருகோணமலையின் அமைப்பும் அதுவே. உலகின் பல கடலடிப் பள்ளத்தாக்குகள் கடல் ஏறியபோது தம் ஆற்றிலிருந்து அறுபட்டுப் போயின. ஆற்றோடு தொடர்பு அறாதவை சிலவே.

ஹவாசுவில் பார்த்த அருவிகளுக்கு ஈடானவையும் கடலடியில் உண்டு. கனடாவின் பியூட் என்ற கடற்கழியின் தரையைப் பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அளந்தவர்கள், அங்குள்ள கலங்கலோட்ட வாய்க்காலில் பல மீற்றர் உயரமான செங்குத்துப் படிகளைக் கண்டார்கள். ஒவ்வோர் ஓட்டமும் படியின் விளிம்பிலிருந்து குதித்து அதன் அடியை அரிக்கிறது. அடி அரிபட்டதும் விளிம்பு இடிகிறது. படி பின்னோக்கி நகர்கிறது. ஆண்டுக்கு 100 மீற்றர் முதல் 450 மீற்றர் வரை நகர்ந்ததாக அளந்திருக்கிறார்கள். அங்கே தரை மணலும் சேறும். அதனால் அத்தனை விரைவு. பாறையில் அதே வேலை நடக்க யுகங்கள் வேண்டும். ஆனால் உளி ஒன்றுதான்.

மகாவலியிடம் அந்த உளி இருக்கிறது. கொட்டியாபுரப் பற்று மக்கள் அதை வெறுமனே கங்கை என்பார்கள். மத்திய மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. தீவின் ஆறிலொரு பங்கு நிலத்தின் நீர் அதற்குள் வடிகிறது. மலைநாட்டுப் பாறை சிதைந்தால் மிஞ்சுவது படிக மணல். சாதாரண இரும்பில் கீறல் போடும் கடினம் அதற்கு உண்டு. மாரியில், கார்த்திகை முதல் தை வரை, ஆறு கடலைச் சேரும் பக்கத்திலுள்ள வெருகலும் மூதூரும் வெள்ளக்காடாகும். 1957 டிசம்பரில் நாட்டையே மூழ்கடித்த வெள்ளத்தையும், 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கடல்நீர் உப்பால் கனமானது. ஆற்றுநீர் சாதாரணமாக அதன்மேல் மிதக்கும். ஒரு கனமீற்றர் ஆற்றுநீரில் ஏறத்தாழ 40 கிலோ சேறும் மணலும் கலந்தால்தான் அது நேரே அமிழும். அவ்வளவு கலங்கல் அரிதாகவே வரும். மற்ற வேளைகளில் மணல் பள்ளத்தாக்கின் தலையில் படிந்து குவிகிறது. குவியல் தாங்காத ஒரு நாளில், பெரிய அலையோ வற்றுப்பெருக்கோ அசைத்துவிட, சரிந்து இறங்கி ஓட்டமாகிறது. கொங்கோவிலும் ஓட்டம் புறப்பட்டது ஆற்று வெள்ளத்துக்குச் சில வாரங்கள் கழித்தே.

இத்தனையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்போது, அந்த இடத்தின் வடிவம் எப்படித் தெரிந்தது? பாய்மரக் கப்பல் காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிறுதான் கருவி. குண்டின் அடியில் கொழுப்பைப் பூசியிருப்பார்கள். தரையிலுள்ள மணலோ சேறோ அதில் ஒட்டி வரும். துறைமுகத்துக்கு அது போதும், ஆயிரம் மீற்றருக்குப் போதாது. இருபதாம் நூற்றாண்டில் எதிரொலிமானி வந்தது. ஒலி கடல்நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். கப்பலின் அடியிலிருந்து அனுப்பிய ஒலி இரண்டு செக்கனில் திரும்பினால் ஆழம் 1,500 மீற்றர்: போக ஒரு செக்கன், வர ஒரு செக்கன்.

பள்ளத்தாக்கில் மட்டும் இந்தக் கருவி ஏமாற்றும். ஒலி விரிந்துகொண்டு போவதால், கீழேயுள்ள தரையைவிடப் பக்கச் சுவர் கப்பலுக்கு அருகில் இருந்தால் சுவரின் எதிரொலி முதலில் வந்துவிடும். தரையின் எதிரொலி பின்னால் மங்கலாக வரும். வரைபடத்தில் ஆழம் குறைந்து, கூரான அடி மழுங்கிக் காணும். 1959 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து நடத்திய அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆய்வின் பகுதியாக, 1964இல் பயனியர் என்ற அமெரிக்க அளவைக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. அதன் அளவீடுகளிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையோரப் பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் அதே செப்பர்ட். நேர்ச் செங்குத்தான சுவர்களும் 'வி' வடிவ வெட்டும் கடினப் பாறையில் இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இன்றைய கப்பல்கள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிக்கீற்றுகளை விசிறிபோல் அனுப்புவதால் சுவர் எது, தரை எது என்று பிரித்தறிய முடிகிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் நடந்து இறங்க எந்த மனிதருக்கும் இயலாது. ஆனால் எண்களை வைத்துக்கொண்டு மனத்தால் இறங்கலாம். மூதூர் இறங்குதுறைக்கு அப்பால், 28 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குவோம். முதல் 100 மீற்றருக்குள் சிவப்பு நிறம் மறைந்து எல்லாம் நீலமாகிவிடும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே வரும். 150 மீற்றருக்குக் கீழே ஒட்சிசன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று வருகிறது. வங்காள விரிகுடா முழுவதும் பல நூறு மீற்றர் தடிப்பில் அது பரந்திருக்கிறது. பெரும்பாலான மீன்கள் அங்கே நிற்பதில்லை. 1,000 மீற்றரில் சூரிய ஒளியின் கடைசிக் கீற்றும் இல்லை. வெப்பம் 6, 7 பாகை. அரிசோனாவில் இறங்க இறங்க வெயில் கொளுத்தும். பள்ளத்தாக்கின் அடி விளிம்பைவிடப் பத்துப் பாகைக்கும் மேல் சூடு. இங்கே நேர்மாறு. கடைவாயில் தண்ணீரின் வெப்பம் 2 பாகையளவு. இருபுறமும் செங்குத்தான பழைய பாறை, காலடியில் மலைநாட்டு மணல்.

திமிங்கிலங்களுக்கு இது வசதியான இடம். சுவர்களில் மோதும் நீரோட்டங்கள் ஆழத்துச் சத்துகளை மேலே தள்ள, அவற்றால் நுண்ணுயிர்கள் செழிக்க, கூனி இறால் பெருகும்; இலங்கைக் கடலில் நீலத்திமிங்கிலத்தின் உணவு இத்தகைய சிறு இறால் என்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு வேண்டிய ஆழத்துக் கணவாய் கரைக்கு மிக அருகில் கிடைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ரியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே இரண்டு இனங்களையும் பின்தொடர்ந்து பதிவுசெய்தார்கள். 1983இல் மூண்ட போரால் இந்தக் கடலில் ஆய்வு செய்யும் நிலை நெடுங்காலம் இருக்கவில்லை.

போருக்குச் சற்று முன்னரும் போர் நடந்த ஆண்டுகளிலும் ஆற்றின் மேற்பகுதி மாறியது. பொல்கொல்லை அணைக்கட்டு 1976இல் வந்தது. 1977க்குப் பின் துரிதப்படுத்திய மகாவலித் திட்டத்தில் கொத்மலை, விக்ரோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே என்று அணைகள் தொடர்ந்தன. 122 மீற்றர் உயரமான விக்ரோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. அணை தண்ணீரை விடும், மணலை விடாது. நின்ற நீரில் மணல் படிந்துபோகும். அணைகளைத் தாண்டிக் கீழே மிஞ்சும் மணலையும் கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கங்களில் கட்டட வேலைக்காக அள்ளுகிறார்கள். கரையோரம் அரிபடுவதைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதே மணல்தான் கடலடிப் பள்ளத்தாக்கின் உளி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். மகாவலி மூதூரில் முடிவதாக வரைபடம் காட்டுகிறது. ஆற்றின் வேலை அங்கே முடிவதில்லை.

மணல் குறைந்ததைக் கடலடி பதிந்து வைத்திருக்கும். கலங்கலோட்டம் ஓய்ந்து படியும்போது பரும்மணல் முதலில் விழும், அதன்மேல் நுண்மணல், கடைசியாகச் சேறு. ஒவ்வோர் ஓட்டமும் அடியில் பருமனும் மேலே நுண்மையுமாக ஒரு படையை விட்டுச் செல்கிறது. பள்ளத்தாக்கின் நடுத்தரையில் அடுத்த ஓட்டம் அதை அரித்துவிடலாம். ஓரத்து மேட்டிலும் கடைவாய்க்கு வெளியே விரிந்த தரையிலும் அது தங்கும். நீண்ட குழாயை அங்கே இறக்கி அடையலை உருவியெடுத்தால் படைகளை எண்ணலாம். காலம் குறிக்கவும் வழி உண்டு. வல்லரசுகள் வானில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததால் உலகெங்கும் விழுந்த கதிரியக்கச் சீசியம் 1963இல் உச்சத்தைத் தொட்டது. கலைபடாத அடையலில் அந்த ஆண்டின் படையில் அது கூடுதலாக இருக்கும். அந்தக் குறிக்குச் சற்றுக் கீழே 1957 வெள்ளத்தைத் தேடலாம். சற்று மேலே, விக்ரோரியா அணை நீரைத் தேக்கத் தொடங்கிய பின்னான ஆண்டுகளில், படைகள் மெலிந்தனவா, இடைவெளி கூடியதா என்று பார்க்கலாம். நாரா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல்வள ஆய்வு நிறுவனமும் கிழக்கிலுள்ள பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இந்தக் குழாய்களை எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முதல் குழாயைக் குடாவின் வாய்க்கு வெளியே, மகாவலியின் மணல் முதலில் இளைப்பாறும் ஓரத்து மேட்டில் இறக்கலாம்.